சேவல் கதவு

பிற்பகல் 1.25.

அடுப்பு இருந்தது. அதன் கதவைக் காணவில்லை.

சாலையோரச் சாப்பாட்டுக் கடைக்கு வெளியே, மர நிழலில் நின்ற சின்ன லாரியின் பின்பக்கம் ஏறிக் கயிறுகளை இழுத்துப் பார்த்த பெரியவர் முதலில் தம் கண்ணைச் சந்தேகப்பட்டார். அடுத்து, கூட வந்தவர்களைச் சந்தேகப்பட்டார். முப்பத்தொரு ஆண்டுகள் தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதித்து ஓய்வு பெற்றவருக்கு அந்த வரிசை வழக்கமானதுதான். ஊரார் முதுகுக்குப் பின்னால் அவரை 'பாய்லர்' என்பார்கள். அவருக்கும் தெரியும். மரியாதைக் குறைவான பெயர் அல்ல என்பதால் விட்டுவைத்திருந்தார்.

"யாரும் இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது" என்றார்.

கீழே மூன்று பேர் நின்றார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டையின் பித்தானை மணிக்கட்டுவரை போட்டிருந்தவர் அவருடைய தம்பி, வீட்டில் 'சின்னவர்'. கருநீலச் சட்டைக்காரர் தங்கையின் கணவர். கைக்கடிகாரமும் வானொலியும் பழுது பார்ப்பவர். மூன்றாவது ஆள் லாரி ஓட்டுநர். முகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாததால் எல்லோருக்கும் அவர் 'மீசை'.

பாய்லர் குனிந்து அடுப்பைப் பார்த்தார். தொடவில்லை. நெருப்பறையின் வாய் சதுரமாகத் திறந்து கிடந்தது. கீல்களில் கீறல் இல்லை. இரண்டு கீல் ஆணிகளும் தலையை நிமிர்த்திக்கொண்டு தத்தம் ஓட்டையில் நின்றன. உள்ளே சாம்பல், அதன் மேல் தணல் கிளறும் கோல் இழுத்த கோடுகள், சீப்பால் வாரியது போல. அடுப்பைச் சுற்றி லாரியின் பலகை துடைத்தாற்போல் இருந்தது. மூலையில், அடுப்பை விற்ற கடைக்காரர் அன்பாகக் கொடுத்த ஒரு மூட்டை நிலக்கரி.

"என்ன அண்ணா?" என்றார் சின்னவர்.

"சேவல் போயிடுச்சு."

தங்கை கணவரின் முகம் வெளுத்தது. பாய்லர் அதையும் குறித்துக்கொண்டார்.

அந்தக் கதவு ஏன் அத்தனை பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் பாய்லரின் தாத்தா ஒரு வார்ப்புப் பட்டறை தொடங்கினார். முதல் வார்ப்பு ஒரு நிலக்கரி அடுப்பு. அதன் கதவில், கழுத்தை நீட்டிக் கூவும் ஒரு சேவல். சிறகு ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் இருக்கும். இரண்டாவது சேவல் அடுப்பை அந்தப் பட்டறை வார்க்கவே இல்லை. காரணத்தைக் குடும்பத்தில் பிறந்த குழந்தைகூடச் சொல்லும்: மர அச்சு செதுக்கிய வேலையாள் சேவல் அச்சைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டான். எந்தக் கல்யாணத்தில் நாலு பேர் கூடினாலும் இந்தக் கதை வரும்.

அந்த வேலையாளின் பேரனைத்தான் பாய்லரின் தங்கை விரும்பிக் கட்டிக்கொண்டாள். இரண்டு வருஷம் யாரும் அவளோடு பேசவில்லை. அப்புறம் பேசினார்கள். மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுத்தார்கள்; கதையையும் நிறுத்தவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பட்டறையின் நூறாவது ஆண்டுக்குச் சொந்தபந்தம் எல்லாம் கூடுகிறது. முதல் அடுப்பு ஒரு பழைய சாமான் கடையில் கிடக்கிறது என்று தகவல் வந்ததும் விடியும் முன்பே லாரி கிளம்பியது. ஓட்டுநர் பக்கத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். பாய்லர் ஏறினார், சின்னவர் ஏறினார். மாப்பிள்ளை பின்னால் பலகையில் உட்கார்ந்துகொண்டார். யாரும் அப்படிச் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது.

வழியில் பக்கவாட்டுக் கண்ணாடி கழன்று ஆடியபோது, அதை மாட்டியவரும் அவர்தான். கழற்றிய திருகாணி நாலையும் உதட்டில் கவ்விக்கொண்டு வேலை செய்தார்.

"பார்த்து மாப்பிள்ளை, முழுங்கிடாதீங்க. வீட்டுல என்னைத்தான் கேப்பா" என்றார் பாய்லர். அன்று அவர் மாப்பிள்ளையோடு பேசிய முதல் வார்த்தை அது.

காலை 8.40-க்குக் கடை. எரித்துப் பார்க்காமல் அடுப்பு வாங்குவதில்லை என்பது அந்தக் குடும்பத்தின் விதி. எரித்த சாம்பலை அடுப்போடு வீட்டுக்குக் கொண்டுபோய், கொட்டிப் பார்த்து, கட்டி இல்லாமல் எரிந்திருக்கிறதா என்று தெரிந்த பிறகுதான் அது நல்ல அடுப்பு. பாய்லர் முதலில் புகைக்குழாயின் பிடியைக் கழற்றினார். உருவிய ஆணியைக் கீழே வைக்காமல், வந்த ஓட்டையிலேயே திரும்ப நிறுத்தினார்.

கடைக்காரர் சிரித்தார். "எதுக்குங்க? இன்னும் ரெண்டு நிமிஷத்துல மாட்டத்தானே போறீங்க?"

"எங்க அப்பா பட்டறையில ஆணி தரையில கிடந்தா, அன்னைக்குச் சாப்பாடு கிடையாது."

"எனக்கு ஒரு தடவை மூணு வேளை கிடைக்கலை" என்றார் சின்னவர். எல்லோரும் சிரித்தார்கள்.

கதவின் உட்பக்கம் விரல் கனத்துக்குப் புகைக்கரி படிந்திருந்தது. தீ நன்றாகப் பிடித்ததும் அது பொரிந்து உதிரத் தொடங்கியது. பாய்லரும் மாப்பிள்ளையும் கடைக்காரரோடு முன்பக்கம் போனார்கள். சின்னவர் கோலோடு அங்கேயே நின்று, நெருப்பு அடங்கும்வரை பார்த்து, சாம்பலைக் கோலால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். அடுப்பு ஆறியபின், 11.15-க்கு ஏற்றிக் கட்டினார்கள். வானம் வெளுத்திருந்ததால் தார்ப்பாய் போடவில்லை. 12.50-க்குச் சாப்பிட இறங்கினார்கள். சின்னவர்தான் முதலில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனார்.

இப்போது 1.30.

"தம்பி, நீ வண்டி முழுக்கத் தேடு" என்றார் பாய்லர். மூன்று பேரில் அவரை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்டால், ஒரே பதில்: அவர் தம்பி.

சின்னவர் ஏறித் தேடினார். இருக்கைக்கு அடியில், கருவிப் பெட்டியில், சக்கரங்களுக்கு நடுவில். பத்து நிமிடம் ஆயிற்று. கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"எங்கேயும் இல்லைண்ணா. கரி மூட்டைக்குள்ளகூட முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவிட்டேன். எனக்கென்னவோ அந்தக் கடைக்காரன் மேலதான் சந்தேகம். ஏத்தும்போதே கழட்டி வெச்சுக்கிட்டு நம்மள ஏமாத்திட்டான்."

பாய்லர் கடைக்காரரைத் தொலைபேசியில் பிடித்தார்.

"கதவோடத்தான் கொடுத்தேன் சார். சேவல் கொண்டையில கயிறு உரசும்னு சொல்லி, நீங்கதானே முடிச்சைத் தள்ளிப் போடச் சொன்னீங்க?"

உண்மை. பாய்லருக்கு நினைவு வந்தது. ஆனால் நினைவை அவர் சாட்சியாக ஏற்பதில்லை. கொதிகலன் வெடித்த இடங்களில் எல்லோருக்கும் நல்ல நினைவாற்றல் இருக்கும்.

"நான் பின்னாடிதானே உட்கார்ந்து வந்தேன். கதவு இருந்துச்சு மச்சான்" என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"நீங்க சொன்னா சரியாப் போச்சா?" என்றார் சின்னவர்.

பாய்லர் கையைத் தூக்கினார். "அவர் சொல்ல வேண்டாம். அவர் சட்டை சொல்லுது. ஒன்றரை மணி நேரம் காத்து அடிச்சிருக்கு. கதவு இல்லாம இந்த அடுப்பு வண்டியில வந்திருந்தா, உள்ள இருக்கிற சாம்பல்ல பாதி அவர் தலையில இருந்திருக்கும். கருநீலச் சட்டையில ஒரு பொட்டுகூட இல்ல. பலகையும் சுத்தம். நீ கோலால இழுத்த கோடுகூட அப்படியே இருக்கு. கதவு இங்க வர்ற வரைக்கும் இருந்திருக்கு."

மீசை ஒரு அடி பின்னால் வைத்தார்.

"நீ எங்க போற?"

"எங்கேயும் இல்லீங்க ஐயா. கால் மரத்துப் போச்சு."

"சாப்பிடுற நேரத்துல எங்க இருந்தே?"

"சீட்டுல படுத்திருந்தேன். கால் ஜன்னல் வழியா வெளியே இருந்துச்சு. ரோட்டுல போறவன் பூரா பார்த்திருப்பான்."

"ஏதாவது சத்தம்?"

"தட்டுற சத்தம், உடைக்கிற சத்தம் ஒண்ணும் கேட்கலை. வண்டி ஒரு தடவை ஒரு பக்கமா ஆடுச்சு. நீங்கதான் கயிறு பார்க்குறீங்கன்னு நினைச்சேன். நீங்க கயிறு பார்க்குறப்போ எழுந்தா திட்டுவீங்க. அதான் தூங்கிட்டேன்."

"நல்ல காவல்."

"காவலுக்கு எங்க ஐயா சொன்னீங்க? ஓட்டத்தானே சொன்னீங்க."

பிற்பகல் 1.55. பாய்லர் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"பாதிச் சாப்பாட்டுல எழுந்து போனீங்க."

"ஆமாம்."

"எத்தனை நிமிஷம்?"

"பத்து இருக்கும்."

"எங்க?"

"கடைக்குப் பின்னாடி. உங்க தங்கச்சிகிட்டப் பேசினேன்."

"பத்து நிமிஷம் என்ன பேச்சு?"

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். "அதைச் சொல்ல முடியாது மச்சான்."

"பாருங்க அண்ணா!" என்றார் சின்னவர். குரல் உயர்ந்தது. "நான் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அன்னைக்கு அச்சு போச்சு. இன்னைக்குக் கதவு போச்சு. விதை ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்?"

சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை அசையவில்லை. இந்தச் சொல்லோடு ஊர் திரும்பினால் தங்கைக்கு இனிப் பிறந்த வீடு கிடையாது என்பது குடும்பத்தார் மூவருக்கும் தெரியும்.

பாய்லர் தங்கைக்குப் போன் போட்டார்.

"உன் வீட்டுக்காரர் மத்தியானம் என்ன பேசினார்?"

"ஞாயித்துக்கிழமை விழாவுக்கு வரலைன்னார். அச்சு திருடின கதையைச் சின்ன அண்ணன் மேடையில பேசப்போறாராம். காலையில லாரி ஏறும்போதே இவர்கிட்டச் சொன்னாராம், மனசைத் தயார் பண்ணிக்கோங்கன்னு. நீ மட்டும் போ, நான் தலைவலின்னு சொல்லிக்கிறேன்னார். நான் அழுதேன். அதான் பத்து நிமிஷம். ஏன் அண்ணா?"

"ஒண்ணுமில்லை. வை."

அவர் போனைப் பைக்குள் போட்டார். பிறகு லாரியின் பின்பலகையில் ஏறி அடுப்பின் பக்கத்தில் நின்றார்.

பிற்பகல் 2.10.

"மீசை, இங்க வா. இந்த ரெண்டு ஆணியையும் பாரு. நீ அவசரமா ஒரு கதவைத் திருடுறே. ஆணியை உருவுறே. உருவின ஆணியை என்ன பண்ணுவே?"

"தூக்கி எறிவேன். இல்ல, கதவோட எடுத்துக்கிட்டுப் போவேன். ஆணி இல்லாம கதவு எதுக்கு ஆகும்?"

"கடிகாரக்காரர் என்ன பண்ணுவார்?"

மீசை யோசித்தார். "வாயில கவ்விக்குவார். காலையில பார்த்தேனே."

"ஆமாம். ஆனா இவன் கதவைத் தூக்கின பிறகு, நின்னு, ரெண்டு ஆணியையும் வந்த ஓட்டையிலேயே மறுபடி நிறுத்தியிருக்கான். யார் வந்துடுவாங்களோன்னு பயந்து செய்யற காரியத்துல அஞ்சு விநாடி ஆணிக்கு ஒதுக்கியிருக்கான். அது புத்தி செஞ்ச வேலை இல்ல, கை செஞ்ச வேலை. சாப்பாடு கிடைக்காதுன்னு பயந்து பழகின கை. அந்தப் பழக்கம் உலகத்துலயே இப்போ ரெண்டு பேருக்குத்தான் மிச்சம். ஒருத்தன் நான். நான் எடுக்கலை."

சாலையில் ஒரு பேருந்து போனது.

"அண்ணா, என்ன பேசுறீங்க?" என்றார் சின்னவர்.

"கையை நீட்டு."

"எதுக்கு?"

"நீட்டுடா."

சின்னவர் நீட்டினார். பாய்லர் அந்தச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டையைத் தொட்டுக் காட்டினார். காலையில் இஸ்திரி போட்டு மாட்டியது போலவே வெள்ளையாக இருந்தது.

"கரி மூட்டைக்குள்ள முழங்கை வரைக்கும் கையை விட்டியாம். கரியே உனக்குப் பயந்து ஒதுங்கிடுச்சா? தேடாத இடத்தைத் தேடிட்டேன்னு ஒருத்தன் ஏன் சொல்லணும்? வேற யாரும் அங்க தேடக் கூடாதுங்கறதுக்காக. கதவு மூட்டைக்குள்ள இல்ல. உள்ள வெச்சிருந்தா சட்டை போயிருக்கும். சட்டையைத் தியாகம் பண்ற ஆள் நீ இல்ல. மூட்டையைச் சாய்ச்சு அடியில தள்ளியிருக்கே. உள்ளங்கை மட்டும்தான் கறுத்திருக்கும். கை கழுவப் போறேன்னுதானே முதல்ல எழுந்து போனே?"

அவர் குனிந்து மூட்டையை ஒரு பக்கமாகத் தள்ளினார். கரித்தூளுக்கு நடுவில் சேவல் கழுத்தை நீட்டிக்கொண்டு கிடந்தது.

மாப்பிள்ளை மூச்சை விட்டார். மீசை மீசையைத் தடவினார்.

"ஏன்டா?" என்றார் பாய்லர். அதட்டலாக அல்ல. அதட்டியிருந்தால் சின்னவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அதைத் திருப்பாதீங்க அண்ணா. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். எல்லாம் நம்ம குடும்ப மானத்துக்காகத்தான். எனக்குன்னு நான் ஒண்ணும் எடுக்கலை."

பாய்லர் கதவைத் திருப்பினார்.

புகைக்கரி உதிர்ந்த இரும்பில் எழுத்துகள் எழுந்து நின்றன. 'சேவல் செதுக்கியவர்' என்று முதல் வரி. அடுத்து ஒரு பெயர்; மாப்பிள்ளையினுடைய தாத்தாவின் பெயர். அதன் கீழே, 'அச்சு அவருடையது. அவர் சம்மதத்தோடு வார்த்தது.' கடைசியில், குடும்பத்தில் எல்லோருக்கும் கண்ணை மூடினாலும் தெரிகிற பட்டறையின் முத்திரை.

பாய்லர் அதை இரண்டு முறை படித்தார். மூன்றாம் முறை வாய்விட்டுப் படித்தார். சாப்பாட்டுக் கடைக்காரர்கள் காதிலும் விழட்டும் என்பது போல.

"தன்னோட அச்சைத் தானே எடுத்துக்கிட்டுப் போன மனுஷனை, நூறு வருஷமாத் திருடன்னு சொல்லியிருக்கோம்" என்றார். "தாத்தாவுக்கு அவரோட என்ன சண்டையோ தெரியாது. சொன்னது பொய்னு தாத்தாவுக்குத் தெரியும். நமக்குத் தெரியாது. இன்னைக்குக் காலையில நெருப்பு முன்னாடி நின்னப்போ உனக்கும் தெரிஞ்சிடுச்சு. அப்புறமும் இவரைத்தான் கைகாட்டினே."

"ஊர் சிரிக்கும் அண்ணா."

"சிரிக்கட்டும். மானம்கிறது மூட்டைக்கு அடியில வெக்கிற சாமான் இல்ல."

அவர் லாரியிலிருந்து இறங்கினார். மாப்பிள்ளையின் முன் வந்து நின்றார். அந்த முதுகு யார் முன்னும் வளைந்ததில்லை. இப்போதும் அதிகம் வளையவில்லை. ஆனால் இரண்டு கையும் சேர்ந்தன.

"மச்சான், வேண்டாம்" என்று மாப்பிள்ளை அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்.

"அடுப்பு உங்களுது. உங்க வீட்டுல இறக்கிடலாம்."

"எங்க வீட்டுல ரேடியோ வைக்கவே இடமில்லை. அடுப்பை வெச்சுட்டு நாங்க ரெண்டு பேரும் வாசல்லதான் படுக்கணும்."

பாய்லர் சற்று யோசித்தார். "அப்போ நம்ம கூடத்துலயே இருக்கட்டும். ஆனா கதவு சாத்தக் கூடாது. வர்றவங்க முதல்ல உட்பக்கத்தைப் படிக்கணும், அப்புறம் சேவலைப் பார்க்கட்டும். ஞாயித்துக்கிழமை கதையை நான் சொல்றேன். நீங்க என் பக்கத்துல உட்காருங்க. தலைவலி வந்தா மாத்திரை தர்றேன்."

மாப்பிள்ளை சிரித்தாரா, அழுதாரா என்று மீசையால் பிற்பாடு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கதவைச் சின்னவரே மாட்டினார். ஆணிகளை உருவினார், கதவைப் பொருத்தினார், ஆணிகளை இறக்கினார். ஒன்றும் தரையில் விழவில்லை.

பிற்பகல் 2.40. புறப்பாடு.

"மாப்பிள்ளை, முன்னாடி ஏறுங்க" என்றார் பாய்லர். பிறகு தம்பியைப் பார்த்தார். "நீ பின்னாடி. கதவு சாத்திக்காமப் பிடிச்சுக்கிட்டு வா. ஆடி ஆடிக் கீல் தேஞ்சிடும்."

சின்னவர் தம் சட்டையை ஒரு முறை பார்த்துக்கொண்டார். ஏறி, திறந்த அடுப்பின் முன் உட்கார்ந்து, கதவைப் பிடித்துக்கொண்டார்.

லாரி வேகம் எடுத்தது. மாப்பிள்ளை தாம் மாட்டிய பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். சாம்பல் பொங்கிப் பறந்துகொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு சாம்பல் நிற மனிதர் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"மச்சான், சாம்பல் பூரா போகுதே. வீட்டுல கொட்டிப் பார்க்கணும்னு சொன்னீங்களே?"

"பார்த்தாச்சு" என்றார் பாய்லர்.